மேஸ்திரிக்கு யெவார் வந்த கதை

நிறுத்தின பீரோவை நிறுத்தின வாக்கிலேயே மூன்று மாடி இறக்கி, கண்ணாடியில் ஒரு கீறல் விழாமல் தெருவில் கொண்டுவந்து வைக்கிற ஆளை நீங்கள் பார்த்ததில்லை என்றால், நம் மேஸ்திரியை நீங்கள் பார்த்ததில்லை என்று அர்த்தம். வீடு மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். சொந்தமாக ஒரு லாரி, தூக்குவதற்கு நாலு ஆள், லாரி ஓட்டுவதற்கு மனைவியின் தம்பி. இவ்வளவுதான் கம்பெனி. லாரியின் பக்கவாட்டில் ஏதோ நீளமாகப் பெயர் எழுதியிருக்கிறது, அதை ஒருவரும் முழுசாகப் படித்ததில்லை. மேஸ்திரி லாரி என்றால் போதும், தெரிந்துவிடும்.

ஐம்பதைத் தாண்டியும் ஆள் திடமாகத்தான் இருந்தார். ஆனால் பேச்சு? அதை மட்டும் கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு அவர் பேசுகிறதையெல்லாம் சேர்த்தால் ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். கேட்டால் தொழிலின் மேல் பழியைப் போடுவார். வீடு மாறுகிற அன்றைக்கு எந்தக் குடும்பத்துக்கும் புத்தி ஒரு நிலையில் இருக்காது. புருஷனும் பெண்டாட்டியும் கத்திக்கொள்வார்கள். பிரிந்து போகிற அண்ணன் தம்பி ஒரு நாற்காலிக்காக முட்டிக்கொள்வார்கள். காலியான அறையில் நின்றுகொண்டு யாராவது ஒருத்தர் கட்டாயம் அழுவார். அங்கே சாமான் தூக்க வந்தவன் வாயைத் திறந்தால் வம்புதான். புதிதாகச் சேருகிறவனுக்கு மேஸ்திரி முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இது ஒன்றைத்தான்: "யாராவது அழுதா பாக்காத. பெட்டிய எடுத்துக்கிட்டுக் கீழ இறங்கு." இத்தனை வருஷம் அவருக்குச் சோறு போட்டது அந்தப் பழக்கம்தான். கடைசியில் ஆப்பு வைத்ததும் அதுதான்.

அவருக்கு ஒரே மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அப்பாவுக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள், அப்படி ஒரு வாய். அவளுக்கு ஒருவனைப் பிடித்துப்போயிற்று. குளிர்பதனக் கிடங்குகளில் இயந்திரம் பழுது பார்க்கிறவன், தாய்மொழி ஸ்பானிஷ். தங்கமான பையன். "வணக்கம் மாமா" என்று சொல்லப் பழகிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். மேஸ்திரியின் மனைவி ஒரு வாரம் கண்ணைக் கசக்கினாள், அடுத்த வாரம் அவனுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். மேஸ்திரி என்ன செய்தார்? சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றார். ஒரு வருஷம் பார்த்தார். அட மனுஷா! பையன் மேல் அவருக்கு ஒரு குறையும் இல்லை. மகள் தூரமாகப் போய்விடுவாளோ என்று பயம். அதை வாய்விட்டுச் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் சாயங்காலம் மகளுக்குப் பொறுமை போய்விட்டது. "சரின்னு சொல்லலைன்னா பரவால்லப்பா. வேணாம்னாவது சொல்லுங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்றாள். மேஸ்திரி சுவரைப் பார்த்தார். "அப்ப நான் கிளம்பறேன்" என்று உள்ளே போய், இரண்டு பெட்டிகளில் துணிமணியை அடைத்துக்கொண்டு வந்து, அழுதுகொண்டே இழுத்தபடி படி இறங்கினாள். பெட்டிச் சக்கரம் ஒவ்வொரு படியிலும் டங்கு டங்கென்று இடித்தது. அந்தச் சத்தம் மேஸ்திரிக்கு ஆகவே ஆகாது. படியில் பெட்டியை இடிக்க விடுவது அவர் கணக்கில் பாவம். எழுந்து போனார். இரண்டு பெட்டியையும் அவள் கையிலிருந்து வாங்கினார். விறுவிறுவென்று கீழே கொண்டுபோய், டாக்சி டிக்கியில் கனமானதை அடியிலும் லேசானதை மேலேயும் வைத்தார். மூடியைச் சாத்தி, அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டி, கிளம்பலாம் என்று டிரைவருக்குச் சைகை காட்டினார். லாரிக்கு அப்படித்தான் தட்டுவார், கை தானாகச் செய்துவிட்டது. டாக்சி தெருமுனை திரும்பின பிறகுதான் அதற்குள் இருந்தது யார் என்பது அவருக்கு உறைத்தது.

அதோடு சரி. மகள் அவரோடு பேசுவதை நிறுத்தினாள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. மனைவி போனாள், மச்சான் போனான், இவரைக் கூப்பிடவில்லை. போன் அடித்தால் மகள் எடுப்பதில்லை. கல்யாணத்துக்குச் சரி சொல்லாத கோபம் என்றுதான் மேஸ்திரி நினைத்தார். கோபம் தணியும், தணியும் என்று பார்த்தார். அது தணிகிற வழியாக இல்லை.

மனைவியிடம் மகளைப் பற்றி விசாரிக்கலாம் என்றால் அவள் அதற்கு மேல். "எனக்கென்ன தபால்காரி வேலையா? பெத்தது நீங்களும்தானே? நீங்களே கேட்டுக்குங்க" என்று ஒரேயடியாக அடித்துச் சொல்லிவிட்டாள். மகளைப் பார்க்கப் போவாள், வருவாள், மூச்சு விடமாட்டாள்.

மகள் வீட்டில் ஒரு பழைய தொலைபேசி இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா மனைவியை இழந்தவர், மகனோடுதான் இருந்தார். கைபேசி அவருக்குப் பிடிபடவில்லை என்று அந்தத் தொலைபேசியை அவருக்காக வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டில் இருப்பாள் என்று நினைத்து மேஸ்திரி ஒரு மத்தியானம் அந்த எண்ணுக்கு அடித்தார். கண்ணாடிக் கடையில் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் நெரியும் என்பதை மறந்துபோனார். எடுத்தது சம்பந்தி.

"ஓலா?"

"நான்... பொண்ணோட அப்பா பேசறேங்க."

 மறுமுனையிலிருந்து மடை திறந்ததுபோல் பேச்சு வந்தது. மேஸ்திரிக்கு ஒரு அட்சரம் புரியவில்லை. ஆனாலும் வைக்க மனம் வரவில்லை. அந்தக் குரலுக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் விழுந்தது, ஒரு நாற்காலி நகர்ந்தது. மகள் வீட்டுக் குழாய், மகள் வீட்டு நாற்காலி! "ம்... ம்..." என்று கொட்டிக்கொண்டே காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறும் அடித்தார். அதற்கடுத்ததும் அடித்தார். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் ஒரு வார்த்தை புரிந்துகொண்டதில்லை, பேச்சு மட்டும் ஜோராக நடந்தது.

"என்ன, லவ்வா?" என்றாள் மனைவி.

மச்சானுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "மாமா, வாராவாரம் இப்படி ஊம் கொட்டிக்கிட்டே இருந்தா எப்படி? நாலு வார்த்தை கத்துக்கிட்டாத்தான் என்ன?" என்று தன் கைபேசியில் ஸ்பானிஷ் பாடம் ஒன்றைப் போட்டு, லாரியின் ஒலிபெருக்கியில் அலற விட்டான். காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு பாடம், சாமான் ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு பாடம். பின்னால் கயிற்றையும் போர்வையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாலு பேருக்கும் வேறு வழியில்லை, அவர்களும் படித்தார்கள்.

மூன்றாவது பாடத்தில் அந்தச் சொல் வந்தது. யெவார். தூக்கிக்கொண்டு போவது. 'யேவோ லா மேசா' என்றால் நான் மேசையைத் தூக்கிப் போகிறேன்.

"மேசான்னா நம்ம மேசைதானா!" என்று பின்னால் ஒருத்தன் கத்தினான். லாரியே குலுங்கிற்று. இவ்வளவு சுலபமா இந்த பாஷை என்று ஆளாளுக்குத் தலைகால் புரியவில்லை. மேஸ்திரிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "பாத்தியாடா, நம்ம தொழிலுக்குன்னே ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க" என்றார். அன்றிலிருந்து பாரம் தூக்கும்போது அவர்கள் 'ம், தூக்கு' சொல்வதை விட்டுவிட்டார்கள். மேலே நிற்கிறவன் "யேவோ!" என்பான், கீழே இருப்பவர்கள் "யேவோ!" என்று தூக்குவார்கள். ஒரு வீட்டுக்கார அம்மாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அந்த யேவோங்கறவர் எப்பதான் வருவார்? இத்தனை தடவை கூப்பிடறீங்களே" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "யேவோ லா மேசா" என்றார். சம்பந்தி சிரித்தார் பாருங்கள், இருமல் வந்து நிற்கவே இல்லை. அப்புறம் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேச ஆரம்பித்தார். "உங்கள் மகள்" என்றார். "யேவா காஃபாஸ்" என்றார். காஃபாஸ் என்றால் மூக்குக்கண்ணாடி என்று மச்சான் பாடத்தில் தேடிச் சொன்னான்.

"கண்ணாடிய தூக்கிட்டுப் போறாளாம்" என்றார் மேஸ்திரி. "கடையில வேலை. தூக்கத்தானே செய்வா."

"மாமா, இருங்க. இந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் போட்டிருக்கு. மாட்டிக்கறது, அணியறது. பொண்ணு கண்ணாடி போட்டிருக்கா மாமா."

மேஸ்திரி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெற்ற மகளின் முகம் மாறியிருக்கிறது. அடுத்த தெருவில் எதிரே வந்தால் ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கும். அது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சொல் அவரைப் பாடாய்ப் படுத்திற்று. சம்பந்தி எதைச் சொன்னாலும் நடுவில் அது வந்து நிற்கும். மருமகள் என்னை டாக்டரிடம் கூட்டிப் போகிறாள் என்பதற்கும் அதே யேவாதான். எனக்கும் மருமகளுக்கும் நன்றாக ஒத்துப்போகிறது என்பதற்கும் அதுதான், என்ன, முன்னால் ஒரு குட்டிச் சொல்லைச் சேர்த்துக்கொண்டார். ஒரு தடவை, "யேவோ செய்ஸ் ஆன்யோஸ் சோலோ" என்றார். தேடிப் பார்த்தால், ஆறு வருஷமாகத் தனியாக இருக்கிறேன் என்று அர்த்தமாம். அந்தச் சொல் அங்கே ஏன் வந்தது என்பதை மட்டும் மேஸ்திரி யாரிடமும் கேட்காமல் தானாகவே புரிந்துகொண்டார். ஆறு வருஷத்தையும் அந்த மனுஷன் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறார், அதில் என்ன சந்தேகம்.

மற்றதெல்லாம் அவருக்கு எரிச்சல்தான். "ஒரு சொல்லுன்னா அதுக்கு ஒரு வேலை இருக்கணும்" என்று சமையலறை வாசலில் நின்று சத்தம் போட்டார். "மூட்டை தூக்கறதும் சட்டை மாட்டறதும் ஒண்ணா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதும் வருஷத்த ஓட்டறதும் ஒண்ணா? என்ன பாஷை இது, வழவழா கொழகொழான்னு!"

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, காலையிலேர்ந்து நீங்க எத்தனை போடு போட்டீங்க தெரியுமா? டீ போடுன்னீங்க. ஃபேனைப் போடுன்னீங்க. சட்டைய எடுத்துப் போட்டீங்க. தாப்பா போட்டியான்னு கேட்டீங்க. இப்ப வந்து சத்தம் போடறீங்க. உங்க சம்பந்தி நம்ம பாஷை படிக்க வந்தா அவருக்கு மண்டை காய்ஞ்சு போயிடும்."

 வாசல்வரை போன மேஸ்திரி திரும்பி வந்து, "சண்டையும்தான் போடறோம்" என்றார். அவராகவே ஒரு அர்த்தம் கண்டுபிடித்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் பாவம், வாரா வாரம் ஒரு வயசானவர் சொல்லைத் தேடிப் பிடித்துக்கொண்டு அலைவதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. சம்பந்தி சொல்வதில் பாதி இப்போது நேராகவே புரிந்தது. மகளுக்கு ஒரு தடவை காய்ச்சல் வந்தது, கடையில் அவளுக்குச் சம்பளம் உயர்ந்தது, மாப்பிள்ளை துணி துவைத்தால் வெள்ளைச் சட்டையெல்லாம் நீலமாகிவிடுகிறது, எல்லாம் தெரிந்தது. தெரியாதது ஒன்றுதான். அதைக் கேட்டுவிடுவது என்று மேஸ்திரி முடிவு செய்தார். 'அவள் ஏன் என்னோடு பேசுவதில்லை?' அந்த ஒரு வாக்கியத்தை ஒரு வாரம் லாரியில் சொல்லிச் சொல்லிப் பழகினார். போர் கே நோ ஆப்லா கொன்மிகோ. பின்னால் இருந்த நாலு பேருக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது. அர்த்தமும் தெரியும். ஒருத்தனும் சிரிக்கவில்லை.

ஞாயிறன்று அதைக் கேட்டார். சம்பந்தி எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வந்தார். அப்புறம், "நீங்கள் பெட்டிகளைத் தூக்கினீர்கள்" என்றார் ஸ்பானிஷில். அதே சொல்தான், நடந்து முடிந்ததாக.

"சி, சி!" என்றார் மேஸ்திரி. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஆமாம், நான்தான் தூக்கினேன். ஒரு படியில்கூட இடிக்காமல் தூக்கினேன்.

சம்பந்தி இன்னும் இரண்டு சொல் சொன்னார். ஒன்று, சந்தோஷமாக. இன்னொன்று, சீக்கிரமாக. இரண்டுக்கும் மச்சான் வேண்டியிருக்கவில்லை. அவள் அப்படித்தான் நினைக்கிறாள் என்றார். அப்பா பெட்டியைக் கையிலிருந்து பிடுங்கினார், ஓடிப்போய் ஏற்றினார், போ என்று வண்டியைத் தட்டி அனுப்பினார். தொலைந்தது சனி என்று. இதை அவள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை, என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள் என்றார்.

மேஸ்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. சம்பந்தி அவரைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு தன் கதையைச் சொன்னார். அவருடைய மகன் ஊரைவிட்டுக் கிளம்பினபோது இவர் பெட்டியின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றாராம். மகன் இழுக்க, இவர் இழுக்க, கைப்பிடி பிய்ந்து இவர் கையோடு வந்துவிட்டதாம். ஊரே சிரித்ததாம். அதைச் சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை. பெட்டியை அப்படியும் பிடிக்கலாம் என்பது இத்தனை வருஷத்தில் அவருக்குத் தோன்றியதே இல்லை.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். 

"நானும் அப்படித்தாங்க நெனச்சேன்" என்றாள். "சந்தோஷம்னு நினைக்கலை. கோவம்னு நெனச்சேன். போறியா, போன்னு கோவத்துல தூக்கிட்டுப் போறீங்கன்னு."

"கோவமா? படியில இடிச்சுதுடி!"

"கடவுளே" என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இதை நான் போய்ச் சொன்னா அவ நம்பமாட்டா. நீங்களா போய்ச் சொல்லுங்க."

மேஸ்திரி போனாரா? போகவில்லை. இந்த வாரம் வேலை ஜாஸ்தி என்றார், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். நாலு மாடிக்கு இரும்புப் பெட்டியை ஏற்றுகிற மனுஷனுக்கு மகள் வீட்டுப் படி ஏறக் கால் வரவில்லை. பயந்தாங்கொள்ளி என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆனால் அதுதான் உண்மை.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு சம்பந்தியின் குரல் கம்மியிருந்தது. மகனுக்குச் சொந்த நாட்டிலேயே வேலை கிடைத்துவிட்டது, எல்லோரும் கிளம்புகிறோம் என்றார். வியாழக்கிழமை லாரி வருகிறது, கட்டில், பீரோ, எல்லாவற்றையும் கப்பலுக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றார். அதற்கும் அந்தச் சொல்தான். பாழாய்ப்போன சொல், அன்றைக்குப் பார்த்துச் சுத்தமாகப் புரிந்துதொலைத்தது.

மனைவி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "சொல்லணும்னுதான் இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியலை" என்றாள். அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்ததை மேஸ்திரி அப்போதுதான் கவனித்தார்.

"எந்த லாரி?" என்றார்.

"நீல லாரி."

"அவனா!" மேஸ்திரி எகிறினார். "கட்டில் காலைக் கழட்டாம ஏத்தறவனாச்சே அவன்! பீரோவத் தலைகீழா இறக்குவானே! என் பொண்ணு வீட்டுச் சாமானுக்கு அவனா?" கத்திக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். கேவிக் கேவி அழுதார். அவர் அழுது அவர் மனைவி பார்த்ததில்லை. அவள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை மேஸ்திரி தன் வேலையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டுத் தனியாகப் போனார். மனைவி முந்தின நாளே போய்விட்டு வந்திருந்தாள். மகள் வீடு இரண்டாவது மாடி. நீல லாரி வாசலில் பின்கதவைத் திறந்து போட்டுக்கொண்டு நின்றது. படியில் கால் வைத்ததுமே மேலே இருந்து பீரோ உரசுகிற சத்தம் கேட்டது. படி திரும்புகிற இடத்தில் மூன்று பேர் அதை மாட்டவைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் சாய்த்தால் வெளியே வரும் என்பது ஒரே பார்வையில் மேஸ்திரிக்குத் தெரிந்தது. கை பரபரத்தது. இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நகர்ந்து, அவர்களைத் தாண்டி மேலே போனார்.

மேல்படியில் ஒல்லியாக, குள்ளமாக ஒரு மனிதர் நின்றிருந்தார். "ஓலா?" என்றார் மேஸ்திரி. அந்தக் குரலைக் கேட்டதும் அவர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். போனில் அவ்வளவு கனமான குரலுக்குள் இவ்வளவு சின்ன உடம்பா என்று மேஸ்திரிக்கு ஆச்சரியம். சம்பந்தி அவரை விட்டுவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

மகள் வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். கறுப்புச் சட்டம், கொஞ்சம் பெரிசு, முகத்துக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. கையில் டேப்பும் கத்தரிக்கோலும் இருந்தன. அப்பாவைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"மேஸ்திரி!" என்று கீழே இருந்து நீல லாரிக்காரன் கத்தினான். "நல்ல நேரத்துல வந்தீங்க. ஒரு கை குடுங்க, மாட்டிக்கிச்சு!"

"மாட்டேன்" என்றார் மேஸ்திரி.

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஏன், தூக்க வரலையா? நான் போறதுன்னா உங்களுக்கு அது ஒண்ணுதானே தெரியும்" என்றாள்.

"தூக்க வரலை."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

 ஒரு வருஷமாக மேஸ்திரி வாய் ஓயாமல் பேசிப் பழகியதெல்லாம் சம்பந்தியோடு, சம்பந்தியின் பாஷையில். மகளோடு பேசுகிற பாஷையில் அவருக்கு முதல் சொல்லே அகப்படவில்லை. சம்பந்தி அவர் முதுகில் கை வைத்தார். மெதுவாக ஒரு தள்ளும் தள்ளினார்.

"போகாதம்மா" என்றார் மேஸ்திரி.

"என்னது?"

"போகாத. அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லலை. பெட்டி படியில இடிச்சுது, நீ அழுதுக்கிட்டே இழுத்த, கை தானா போய் எடுத்துடுச்சு. எனக்கு சந்தோஷம் இல்லடா. ஒரு நாளும் சந்தோஷம் இல்ல. நீ போனது பிடிக்கலை. இப்பவும் பிடிக்கலை."

மகள் கண்ணாடியைக் கழற்றினாள். துப்பட்டா நுனியால் துடைத்தாள், மறுபடி போட்டாள், மறுபடி கழற்றினாள். "இதை அன்னிக்குச் சொல்லியிருந்தீங்கன்னா நான் அந்தப் படியிலயே உக்காந்திருப்பேன்பா" என்றாள். "வண்டிக்குள்ள உக்காந்து திரும்பித் திரும்பிப் பாத்தேன். நீங்க தட்டிட்டீங்க."

"தெரியும்."

"இப்ப வந்து சொல்றீங்க. டிக்கெட் எடுத்தாச்சு. வீட்டையும் காலி பண்ணியாச்சு."

"தெரியும்டா. நீ போயிட்டு வா. ஆனா அப்பா போகாதன்னு சொன்னான்னு வெச்சுக்க."

அவள் டேப்பையும் கத்தரிக்கோலையும் தரையில் போட்டுவிட்டு அவர்மேல் சாய்ந்து அழுதாள். யாராவது அழுதால் பார்க்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கீழே பீரோ கைப்பிடிச் சுவரில் மோதுகிற சத்தம் தடாலென்று கேட்டது. பீரோக் கண்ணாடி நொறுங்கிற்று.

"பீரோ போச்சுப்பா" என்றாள் அவள், அழுகைக்கு நடுவே.

"போகட்டும்."

இரண்டு பேரும் மேல்படியிலேயே உட்கார்ந்தார்கள். அவள் போன வருஷம், அதற்கு முந்தின வருஷம் என்று எங்கெங்கோ இருந்து கதையை ஆரம்பித்தாள். காய்ச்சல் வந்த கதை, சம்பளம் உயர்ந்த கதை எல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும், தெரியாததுபோல் கேட்டார். நடுவில் அவரும் பேசினார். லாரியில் நாலு பேரும் சேர்ந்து பாடம் படித்ததைச் சொன்னார், அவள் அம்மா லவ்வா என்று கேட்டதைச் சொன்னார், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சம்பந்தி உள்ளே போய் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு வந்து காட்டினார். இரண்டு பேரும் சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டார்கள்.

நீல லாரிக்காரன் உள்ளேயிருந்து ஒரு கட்டிலைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். கால்களைக் கழற்றவில்லை. "கொஞ்சம் வழி விடுங்க மேஸ்திரி, இறங்கணும்" என்றான்.

"சுத்திப் போ" என்றார் மேஸ்திரி, பேச்சை நிறுத்தாமல்.